ஒரு பிளேயர் அந்தக் காசுக்கு வொர்த்தா? ஹாக்கி வாக்குவாதத்துல நம்பரோட இறங்குறது எப்படி

2023 ஜூன்ல, அமெரிக்கா-கனடா ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்ல, சான் ஹோஸே டீமோட எரிக் கார்ல்சனுக்கு பெஸ்ட் டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் டிராபி குடுத்தாங்கல்ல, அன்னிக்கு என்கூட மேட்ச் பாக்குற அண்ணன் ஒருத்தர் போன் போட்டு ஆரம்பிச்சதே இப்படித்தான், "தம்பி, அவன் மைனஸ் 26 டா, மைனஸ் 26 வாங்குனவனை லீக்லயே பெஸ்ட் டிஃபென்ஸ்மேன்னு எவன்டா ஓட்டு போட்டான்?" நான் விடல, "அண்ணே, அவரு கோலும் கோலுக்குக் குடுத்த பாஸும் (அசிஸ்ட்) சேத்து 101 பாயின்ட் எடுத்திருக்காரு, 1991-92ல பிரையன் லீட்ச் எடுத்ததுக்கப்புறம் எந்த டிஃபென்ஸ்மேனும் நூறைத் தொடல"ன்னேன். ரெண்டு மணி நேரம் போச்சு. நடுவுல அவரோட பையன் போனை வாங்கி "வருஷத்துக்கு 11.5 மில்லியன் டாலர் கேப்ல உக்காந்திருக்காரு, அதைப் பத்தி யாருமே பேசலையே"ன்னான். (கேப்னா ஒரு டீம் ஒரு சீசன்ல சம்பளத்துக்கு ஒதுக்கக்கூடிய உச்சவரம்பு.) மூணு பேரு சொன்ன நம்பரும் சரிதான். ஆனா மூணு பேரும் வேற வேற கேள்விக்கு பதில் சொல்லிட்டு இருந்தோம், அது எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆச்சு.

அதனால முதல் வேலை, வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி எந்தக் கேள்வின்னு முடிவு பண்ணுங்க. போன சீசன்ல எவ்ளோ நல்லா ஆடினாரு, இது அவார்டு கேள்வி. இனிமே எவ்ளோ நல்லா ஆடுவாரு, இது டிரேடுக்கும் கான்டிராக்டுக்கும் உள்ள கேள்வி. அவரு எடுத்துக்குற கேப் இடத்துல வேற யாரை வாங்கலாம், இது ரோஸ்டர் கேள்வி, அதாவது டீம்ல யாரை வைக்குறதுங்கற கேள்வி. ஒரே கார்ல்சனுக்கு மூணுக்கும் மூணு பதில் வருது பாருங்க. 2022-23ல 101 பாயின்ட், நாரிஸ், அது நடந்து முடிஞ்ச விஷயம். 2023 ஆகஸ்ட்ல சான் ஹோஸே அவரை பிட்ஸ்பர்குக்கு டிரேட் பண்ணாங்க, அந்த 2023-24 சீசன்ல 56 பாயின்ட், டீம் பிளேஆஃபுக்கே போகல. சான் ஹோஸே அவரு சம்பளத்துல 1.5 மில்லியனை தானே குடுக்குறதா ஏத்துகிட்டதால பிட்ஸ்பர்குக்கு விழுந்த கேப் ஹிட், அதாவது கேப்ல அவரு பிடிக்குற இடம், 10 மில்லியன். எங்க அண்ணன் நாரிஸ் பேச்சுல தோத்தாரு, ஆனா "இவனை வாங்காதீங்கடா"ன்னு சொல்லியிருந்தா அதுல ஜெயிச்சிருப்பாரு.

சரி, அந்த மைனஸ் 26 கதைக்கு வருவோம், ஏன்னா ஹாக்கி பேச்சுல அதிகமா தப்பா யூஸ் ஆகுற நம்பர் இந்த பிளஸ்-மைனஸ்தான். இது எப்படி எண்ணுறாங்கன்னு தெரியாமலே பாதிப் பேரு பேசுறாங்க. நீங்க ஐஸ்ல இருக்கும்போது உங்க டீம் கோல் போட்டா பிளஸ், எதிர் டீம் போட்டா மைனஸ், அது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனா பவர் பிளேல, அதாவது எதிராளி பெனால்டி வாங்கி ஆள் குறைஞ்சு ஆடும்போது, அடிச்ச கோல் கணக்குல வராது. ஷார்ட்-ஹேண்டட் கோல் வரும், அதாவது உங்க டீம் பவர் பிளேல இருக்கும்போது எதிராளி ஒண்ணு போட்டுட்டா ஐஸ்ல இருந்த உங்க அஞ்சு பேருக்கும் மைனஸ். எம்ப்டி நெட் கோலும், அதாவது கோல்கீப்பரை வெளிய எடுத்துட்ட காலி நெட்ல விழுற கோலும், கணக்குல சேரும். இப்போ யோசிச்சுப் பாருங்க, ஒரு தோக்குற டீமோட ஸ்டார் பிளேயர், பவர் பிளேல அவருதான் இருப்பாரு, பின்தங்கி இருக்கும்போது கடைசி ரெண்டு நிமிஷம் கோல்கீப்பரை வெளிய எடுத்துட்டு ஆடும்போதும் அவருதான் இருப்பாரு, அவரு பவர் பிளேல எடுக்குற பாயின்டுக்கு பிளஸ் கிடையாது ஆனா காலி நெட்ல விழுற ஒவ்வொரு கோலுக்கும் மைனஸ் உண்டு. அந்த வருஷம் சான் ஹோஸே 82 மேட்ச்ல ஜெயிச்சது வெறும் 22. கார்ல்சன் எல்லா மேட்சும், ஒவ்வொரு ராத்திரியும் 25 நிமிஷம் ஆடினாரு. கோல்கீப்பிங்கும் ரொம்ப மோசம். மைனஸ் வராம எப்படி இருக்கும்?

எட்மன்டனோட லியோன் டிரைசைட்டில் 2019-20ல 71 மேட்ச்ல 110 பாயின்ட் எடுத்து, லீக்லயே மதிப்பு மிக்க பிளேயருக்கான ஹார்ட் டிராபி வாங்கினாரு, அவரும் அந்த வருஷம் மைனஸ் 7. அதுக்காக இந்த நம்பரைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்லல, ஒரே டீம்ல ஒரே மாதிரி ரோல்ல இருக்குற ரெண்டு பேருக்கு நடுவுல பெரிய வித்தியாசம் இருந்தா ஏன்னு கேக்கலாம், அதுக்கு மேல அதை நம்பி எதுவும் கட்டாதீங்க.

அடுத்தது நிமிஷம். என்னைப் பொறுத்தவரைக்கும் ஒரே ஒரு பழக்கத்தை மாத்திக்கணும்னா இதைத்தான் சொல்லுவேன், சீசன் டோட்டலைப் பாக்குறதை விட்டுட்டு அறுபது நிமிஷத்துக்கு எவ்ளோன்னு பாருங்க, அதுவும் 5-க்கு-5 ஆட்டத்துல (பவர் பிளே இல்லாம, ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு ஸ்கேட்டர் ஆடும்போது) மட்டும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். ரெண்டு விங்கர் (ஓரத்துல ஆடுற ஃபார்வர்டு), ரெண்டு பேரும் 80 மேட்ச். முதல் ஆளு மொத்தம் 20 கோல், அதுல 12 தான் 5-க்கு-5ல, மீதி எட்டும் பவர் பிளே. அவருக்கு ஒரு மேட்சுக்கு 15 நிமிஷம் 5-க்கு-5 ஆட்டம், ஆக மொத்தம் 1200 நிமிஷம், அதாவது 20 மணி நேரம், 12 கோலை 20ஆல வகுத்தா 0.6. ரெண்டாவது ஆளு மொத்தமே 13 கோல், எல்லாமே 5-க்கு-5ல, பவர் பிளே பக்கமே விடல, மேட்சுக்கு 11 நிமிஷம்தான் குடுக்குறாங்க, மொத்தம் 880 நிமிஷம், வகுத்தா கிட்டத்தட்ட 0.89. கோல் பட்டியலைப் பாத்தா முதல் ஆளு எங்கயோ மேல இருப்பாரு, ரெண்டாவது ஆளை யாரும் தேடக்கூட மாட்டாங்க. ஆனா அவசரப்பட்டு "கோச்சுக்கு கண்ணு தெரியலையா"ன்னு கிளம்பிடாதீங்க, அந்த ரெண்டாவது ஆளு எதிராளியோட பலவீனமான மூணாவது ஜோடி டிஃபென்ஸ்மேனுங்களுக்கு எதிரா ஆடித்தான் அந்த ரேட்டை எடுத்திருப்பாரு, மேல ஏத்தினா ரேட் இறங்கும். எவ்ளோ இறங்கும்ங்கறதுதான் நல்ல வாக்குவாதம்.

இப்போ கோர்ஸி. பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம், பஃபலோ சேபர்ஸ்ல கோல்கீப்பிங் கோச்சா இருந்த ஜிம் கோர்ஸி தன்னோட கோல்கீப்பருக்கு எவ்ளோ வேலை இருக்குன்னு தெரிஞ்சுக்க கோலுக்குப் போன ஷாட், வெளிய போன ஷாட், பிளாக் ஆன ஷாட் எல்லாத்தையும் எண்ணினாரு, அதுதான் இது. பிளாக் ஆனதை விட்டுட்டு எண்ணினா அதுக்குப் பேரு ஃபென்விக். ஒரு பிளேயர் ஐஸ்ல இருக்கும்போது நம்ம பக்கம் 30 அட்டெம்ப்ட், எதிராளி பக்கம் 24ன்னா மொத்தம் 54ல 30, அதாவது 55.6 சதவீதம். கோல் ஏன் எண்ணலன்னு கேப்பாங்க. ஒரு மேட்ச்ல ஒரு பிளேயர் ஐஸ்ல இருக்கும்போது கோல் ஒண்ணு விழலாம், விழாமலும் போகலாம், ஆனா அட்டெம்ப்ட் முப்பது நாப்பது நடக்குது, நிறைய நடக்குற விஷயத்துல அதிர்ஷ்டம் சீக்கிரம் கழிஞ்சு போகும்.

கோர்ஸியைத் தனியா வச்சு அடிச்சுக்கக் கூடாது, அதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, முன்னிலையில இருக்குற டீம் பின்வாங்கி ஆடும், தோத்துட்டு இருக்குற டீம் எங்க இருந்து வேணா அடிக்கும், அதனால ஸ்கோருக்கு ஏத்த மாதிரி சரி பண்ண நம்பரை எடுங்க. ரெண்டாவது, டீமோட ஒப்பிட்டுப் பாருங்க. மோசமான டீம்ல அவரு இருக்கும்போது 48, அவரு பெஞ்ச்ல இருக்கும்போது 43ன்னா அந்த 48 ரொம்ப நல்ல நம்பர். டாப் டீம்ல 52 எடுக்குறவரு அந்த டீம்ல கடைசியா கூட இருக்கலாம்.

யாரு கூட ஆடினாருங்கறதுதான் அடுத்த சண்டை. ஸாக் ஹைமனை எடுத்துக்கோங்க. டொராண்டோல இருந்த வரைக்கும் ஒரு சீசன்ல அவரோட அதிகபட்சம் 21 கோல். எட்மன்டனுக்கு வந்து சூப்பர்ஸ்டார் கானர் மெக்டேவிட் பக்கத்துல நின்னதும் 27, அப்புறம் 36, 2023-24ல 54. "மெக்டேவிட் பக்கத்துல என்னை நிக்க வச்சாலும் முப்பது அடிப்பேன்"னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல. மெக்டேவிட் பக்கத்துல எத்தனையோ விங்கருங்களை நிக்க வச்சுப் பாத்தாங்க, எல்லாரும் 54 அடிச்சுடல. நெட்டுக்கு முன்னாடி டிஃபென்ஸ்மேன் முதுகுல குத்தக் குத்த நகராம நின்னு, ஸ்டிக்கை ஐஸ்ல வச்சு, ரீபவுண்டை உள்ள தள்ளுறது ஒரு தனி வேலை, ஹைமன் அதுல கில்லாடி. ஆனா 2024-25ல 27 கோலுக்கு இறங்கினாருங்கறதும் உண்மை. இந்த மாதிரி ஆளை மதிப்பிட "கூட இருக்கும்போது, இல்லாதபோது" கணக்கு இருக்கு, மெக்டேவிட் கூட ஹைமன் இருக்கும்போது என்ன, மெக்டேவிட் ஹைமன் இல்லாம என்ன, ஹைமன் மெக்டேவிட் இல்லாம என்ன, மூணையும் பாக்கணும். நேச்சுரல் ஸ்டாட் டிரிக் வெப்சைட்ல லைன் டூல் போட்டா ரெண்டு நிமிஷத்துல வந்துடும். மூணாவதை மட்டும் எடுத்து வச்சுகிட்டு ஆளை மட்டம் தட்டுறாங்க பாருங்க, அது அரைக் கணக்கு.

அதிர்ஷ்டத்தைப் பத்தி கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா ஹாக்கில அது நிறைய இருக்கு. அதைப் பிடிக்க சுலபமான வழி ஷூட்டிங் சதவீதம். வில்லியம் கார்ல்சன், இது வேற கார்ல்சன், கொலம்பஸ்ல 2016-17ல ஆறு கோல் போட்டவரு. வேகாஸ் கோல்டன் நைட்ஸ் புதுசா வந்த 2017-18ல 43 கோல் அடிச்சு, பிளஸ் 49 எடுத்து, டீமை ஃபைனல் வரைக்கும் கொண்டு போனவங்கள்ல ஒருத்தரு. எத்தனை ஷாட்ல 43? 184. அதாவது 23.4 சதவீதம், நாலு ஷாட்டுக்கு ஒண்ணு உள்ள போயிருக்கு. லீக் முழுக்க எடுத்தா பத்து ஷாட்டுக்கு ஒண்ணு போனாலே பெருசு. அடுத்த வருஷம் அவரு 24 கோல். "ஒரு வருஷத்துல மறந்துட்டாரா"ன்னு எழுதினவங்களை நான் பாத்திருக்கேன், அவரு எதையும் மறக்கல, ஷாட் எண்ணிக்கை கொஞ்சம்தான் குறைஞ்சுது, உள்ள போறதுதான் இயல்புக்குத் திரும்புச்சு.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது வேகாஸ் பண்ண வேலை. 43 கோல் அடிச்ச சம்மர்ல அவங்க எட்டு வருஷத்துக்கு அள்ளிக் குடுக்கல, ஒரே ஒரு வருஷம் 5.25 மில்லியனுக்கு சைன் பண்ணிட்டு காத்திருந்தாங்க. 24 கோல் போட்ட சீசனுக்கு அப்புறம்தான், 2019ல, எட்டு வருஷம், வருஷத்துக்கு 5.9 மில்லியன். 2023ல அவங்க லீக் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கப் ஜெயிச்சப்போ அவரு அந்த சம்பளத்துல, டீமோட நம்பகமான சென்டரா இருந்தாரு. கான்டிராக்டு வாக்குவாதத்துல நீங்க யாரையாவது "ஒரு சீசனை வச்சு முடிவு பண்ணாதே"ன்னு சொல்லணும்னா இந்த உதாரணத்தை எடுத்துப் போடுங்க, இதை விட நல்லது எனக்குத் தெரியல. பழக்கமா மூணு சீசன் ஷூட்டிங் சதவீதத்தை ஒண்ணா எடுங்க, கோல் எண்ணிக்கையை விட ஷாட் எண்ணிக்கையை நம்புங்க.

டீமுக்கும் இதே கணக்கு உண்டு, ஷூட்டிங் சதவீதத்தையும் சேவ் சதவீதத்தையும் (கோல்கீப்பர் தடுத்த ஷாட்டோட சதவீதம்) கூட்டினா வர்றது பி.டி.ஓ, லீக் மொத்தமா எடுத்தா அது 100லதான் நிக்கும். கொலராடோ டீம் 2013-14ல பாயின்ட் டேபிள்ல 112 பாயின்ட் எடுத்தாங்க, பேட்ரிக் ராய்க்கு முதல் வருஷமே பெஸ்ட் கோச் அவார்டு. ஆனா ஷாட் அட்டெம்ப்ட்ல அந்த டீம் எதிராளிகிட்ட அடி வாங்கிட்டேதான் இருந்துது, சதவீதம்தான் தூக்கி நிறுத்துச்சு. அதை அப்பவே நம்பர் பாக்குறவங்க சொன்னாங்க, ரசிகருங்க திட்டினாங்க. அடுத்த வருஷம் 90 பாயின்ட், பிளேஆஃப் இல்ல.

எக்ஸ்பெக்டட் கோல்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஷாட் எங்க இருந்து, எப்படி, ரீபவுண்டா இல்லையான்னு பாத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாய்ப்பு போடுறது. கோர்ஸியை விட நல்லதுதான். ஆனா வெளிய கிடைக்குற மாடலுங்களுக்கு ஷாட்டுக்கு முன்னாடி வந்த பாஸ் பெரும்பாலும் தெரியாது, கிராஸ்-ஐஸ் பாஸ் வந்து கோல்கீப்பர் நகர்ந்துட்டு இருக்கும்போது அடிச்ச ஷாட்டும், சும்மா நின்னு அடிச்ச ஷாட்டும் அதுக்கு கிட்டத்தட்ட ஒண்ணு. அதனால பாஸிங்ல பலமான பிளேயருங்க எக்ஸ்பெக்டட் கோல்ஸை விட வருஷா வருஷம் ஜாஸ்தி எடுப்பாங்க, அதை அதிர்ஷ்டம்னு தள்ளாதீங்க. ஹிட்ஸ் (எதிராளி மேல உடம்பால மோதுறது) எண்ணிக்கையை வச்சு சண்டை போடாதீங்க, ஒவ்வொரு அரீனாலயும் உக்காந்து எண்ணுற ஆளு வேற, அளவுகோலும் வேற, தவிர ஹிட் குடுக்குறீங்கன்னாலே பக் (ஐஸ் ஹாக்கியோட பந்து) உங்ககிட்ட இல்லன்னு அர்த்தம்.

கோல்கீப்பருங்க விஷயத்துல மட்டும் நான் ரொம்ப அடக்கமா பேசுவேன். ஒரு முழு சீசன் ஆடுற கோல்கீப்பருக்கு 1500 ஷாட் வருதுன்னு வைங்க, .910க்கும் .920க்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் 15 கோல். மேட்சுக்கு அரை கோல் கூட இல்ல, கண்ணால பாத்து கண்டுபிடிக்கவே முடியாது, ஆனா சீசன் முடிவுல டீமோட தலையெழுத்தை மாத்திடும். செர்கேய் போப்ரோவ்ஸ்கி 2019ல ஃபுளோரிடால ஏழு வருஷம் 10 மில்லியனுக்கு சைன் பண்ணாரு, முதல் வருஷம் .900. லீக்லயே மோசமான கான்டிராக்டுன்னு எழுதாதவங்க இல்ல, நானும் அதை நம்பினேன். அதே ஆளு 2024லயும் 2025லயும் கப் ஜெயிச்ச டீமோட கோல்கீப்பர். அதனால கோல்கீப்பருக்கு ஒரு வருஷ நம்பரை வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க, அவரு எப்படிப்பட்ட ஷாட்டை எதிர்கொண்டாருன்னு எக்ஸ்பெக்டடுக்கு எதிரா வச்சுப் பாருங்க, அதையும் ரெண்டு மூணு வருஷம் சேத்துப் பாருங்க.

இனிமே காசு. 2005-06ல கேப் வந்தப்போ 39 மில்லியன் டாலர், 2025-26ல 95.5 மில்லியன். இந்த ரெண்டு நம்பருக்கு நடுவுல இருக்குற தூரத்தைப் பாத்தாலே தெரியும், ரெண்டு வேற வருஷத்து சம்பளத்தை டாலர்ல ஒப்பிடக் கூடாது, கேப்ல எத்தனை சதவீதம்னுதான் பாக்கணும். டிரைசைட்டில் 2025-26லேர்ந்து 14 மில்லியன், மெக்டேவிட்டோட 12.5 மில்லியன் கான்டிராக்ட் ஆரம்பிச்சது 2018-19ல. டிரைசைட்டில் ஜாஸ்தி வாங்குறாருன்னு தோணும். ஆனா 2018-19 கேப் 79.5, அதுல 12.5ங்கறது 15.7 சதவீதம். 95.5ல 14ங்கறது 14.7 சதவீதம். ஆரம்பிச்ச வருஷத்துல வச்சுப் பாத்தா மெக்டேவிட் எடுத்துகிட்டதுதான் பெரிய பங்கு. இதே டிரைசைட்டில் 2017ல எட்டு வருஷம் 8.5 மில்லியன் வாங்கினப்போ நிறைய பேரு ஓவர்பேன்னு கத்தினாங்க, அது கடைசில லீக்லயே லாபமான கான்டிராக்டுங்கள்ல ஒண்ணா ஆச்சு.

ரோஸ்டர் கட்டுறது இங்கதான் ஆரம்பிக்குது. 23 பேரு வரைக்கும் வைக்கலாம், ஒரு மேட்சுக்கு 18 ஸ்கேட்டரும் 2 கோல்கீப்பரும் உடுப்பு மாட்டுவாங்க, வழக்கமா 12 ஃபார்வர்டு 6 டிஃபென்ஸ்மேன். 95.5ஐ 23ஆல வகுத்தா ஒரு ஆளுக்கு 4.15 மில்லியன். எட்மன்டன்ல அந்த ரெண்டு பேருக்கு மட்டும் 26.5 போயிடுச்சுன்னா மீதி 69 மில்லியன்ல 21 பேரு, ஆளுக்கு 3.3. அப்போ அஞ்சு மில்லியன் வாங்குற நடுத்தர பிளேயர் ஒவ்வொருத்தருக்கும் எதிரா ஒரு மில்லியன் வாங்கிட்டு உருப்படியா ஆடுற பையன் ஒருத்தன் வேணும், அதனாலதான் முதல் கான்டிராக்ட்ல இருக்குற சின்னப் பசங்களுக்கு டிரேட் மார்க்கெட்ல அவ்ளோ கிராக்கி. "இவனை எடு அவனை எடு"ன்னு லிஸ்ட் போடுறவங்க கூட்டிப் பாக்க மாட்டாங்க, கூட்டிப் பாத்தா 112 மில்லியன் வரும், நீங்க கூட்டிக் காட்டுங்க, பேச்சு அங்கயே ஒரு ஒழுங்குக்கு வந்துடும்.

டிரேட் ஐடியா சொல்லணும்னா, கான்டிராக்ட் விவரம் எல்லாம் இருக்குற பக்பீடியா வெப்சைட்டைத் திறந்து வச்சுகிட்டு சொல்லுங்க. முன்னாடி கேப்ஃபிரெண்ட்லின்னு ஒண்ணு இருந்துது, 2024ல வாஷிங்டன் கேபிட்டல்ஸ் டீமே அதை வாங்கி தன்கிட்ட வச்சுகிட்டாங்க, அவ்ளோ மதிப்பு அந்தத் தகவலுக்கு. கேப் ஹிட் எவ்ளோ, எத்தனை வருஷம் பாக்கி, நோ-மூவ் கிளாஸ் (அவரு சம்மதம் இல்லாம வேற டீமுக்கு அனுப்ப முடியாதுங்கற நிபந்தனை) இருக்கா, பழைய டீம் சம்பளத்துல பாதி வரைக்கும் வச்சுக்கலாம்ல, வச்சுக்குமா. ரெண்டு பேரைக் குடுத்து ஒருத்தரை வாங்குற டிரேடுன்னா இன்னொண்ணும் யோசிங்க, ரெண்டு பேரை வாங்குற டீம் தன்கிட்ட இருக்குற ஒருத்தரை ரோஸ்டர்லேர்ந்து இறக்கணும், அவரு வேய்வர்ஸ் வழியா போனா வேற டீம் சும்மா தூக்கிட்டுப் போயிடும். ரெண்டு சுமாரான ஆளு ஒரு ஸ்டாருக்குச் சமம் ஆகாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

முடிஞ்ச டிரேடை மதிப்பிடுறது தனிக் கலை. 2016 ஜூன் 29ல எட்மன்டன் டெய்லர் ஹாலை நியூ ஜெர்ஸிக்குக் குடுத்து ஆடம் லார்சனை வாங்கினாங்க, ஒண்ணுக்கு ஒண்ணு. லெஃப்ட் விங்ல முதல் தர ஆளைக் குடுத்துட்டு கோல் அடிக்காத டிஃபென்ஸ்மேனான்னு ரசிகருங்க கொதிச்சாங்க. அடுத்த சீசனே எட்மன்டன் 2006க்கு அப்புறம் முதல் தடவையா பிளேஆஃபுக்குப் போனாங்க, "பாத்தியா"ன்னாங்க. அதுக்கடுத்த சீசன் ஹால் 93 பாயின்ட் எடுத்து ஹார்ட் வாங்கினாரு, "இப்போ பாத்தியா"ன்னாங்க. எனக்கு ரெண்டுமே சரியான வாதமா படல. டிரேட் நடந்த அன்னிக்கு ரெண்டு பக்கமும் என்ன தெரியுமோ அதை வச்சுத்தான் முடிவை மதிப்பிடணும். அப்படிப் பாத்தாலும் எட்மன்டன் குறைச்சு வாங்கினாங்கன்னுதான் நான் சொல்லுவேன், ரைட் ஷாட் (ஸ்டிக்கை வலது பக்கம் வச்சு அடிக்குற) டிஃபென்ஸ்மேனுக்கு பஞ்சம் இருந்தது நிஜம், ஆனா ஹால் மாதிரி 5-க்கு-5ல ஆட்டத்தை இழுக்குற விங்கருக்கு கூட ஒரு டிராஃப்ட் பிக்காவது (புது இளம் பிளேயரைத் தேர்ந்தெடுக்குற உரிமை) கேட்டிருக்கணும்.

வேற வேற காலத்து ஆளுங்களை ஒப்பிடுறதுல ஒரு சின்ன கணக்கு போதும். 1981-82ல கிரெட்ஸ்கி 92 கோல், அப்போ ஒரு மேட்ச்ல ரெண்டு டீமும் சேந்து சராசரியா எட்டு கோல். 2023-24ல ஆஸ்டன் மேத்யூஸ் 69, அப்போ சராசரி 6.2 பக்கம். 92ஐ 6.2ஆல பெருக்கி 8ஆல வகுத்தா 71. ரெண்டும் கிட்டக்கிட்ட வந்துடுச்சேன்னு குதிக்காதீங்க, கிரெட்ஸ்கி வருஷத்துல ரெண்டாவது வந்த மைக் பாஸி 64, மேத்யூஸுக்கு அடுத்து வந்த சாம் ரைன்ஹார்ட் 57, மத்தவங்களை விட எவ்ளோ தூரம் முன்னாடி ஓடினாருங்கறதுல கிரெட்ஸ்கி வேற உயரம், அதுலயும் அந்த வருஷமே 120 அசிஸ்ட் வேற.

இவ்ளோ நம்பர் சொல்லிட்டு இதையும் சொல்லணும், கண்ணால பாருங்க, ஆனா எண்ணிகிட்டே பாருங்க. நான் பின்தொடர்ற டீம்ல மூணாவது ஜோடில ஒரு டிஃபென்ஸ்மேன், கிவ்அவே (பக்கை எதிராளிகிட்ட விட்டுடுறது) ஜாஸ்தின்னு அவரு மேல எனக்கு பயங்கர கோவம், ஒவ்வொரு தடவையும் சோஃபாலேர்ந்து எழுந்து கத்துவேன். ஒரு நாள் நோட்டை எடுத்து மூணு கட்டம் போட்டேன், தன் எண்டுல பக்கை எடுத்து ஸ்கேட் பண்ணி வெளிய கொண்டு வந்தாரா, பாஸ் குடுத்து வெளிய வந்துதா, இல்ல ரிங்க் ஓரத்துக் கண்ணாடில அடிச்சு அனுப்பினாரா. பக்கைப் பாக்காம அவரை மட்டுமே பாத்தேன், முதல் பீரியட்ல கண்ணு பக் பின்னாடியே ஓடுது, பழக ரெண்டாவது பீரியட் ஆச்சு. மேட்ச் முடிஞ்சு பாத்தா இருபது தடவை பக்கை எடுத்ததுல பதிமூணு தடவை நம்ம கைலயே இருக்குற மாதிரி வெளிய கொண்டு வந்திருக்காரு, ரெண்டு தடவை பாஸ் எதிராளி ஸ்டிக்ல போச்சு, அந்த ரெண்டும்தான் கிவ்அவே. கூட ஆடின ஜோடியாளு கிவ்அவே பூஜ்யம், ஏன்னா எடுத்த பக்கையெல்லாம் கண்ணாடில அடிச்சு எதிராளிக்கே அனுப்பிட்டு இருந்தாரு, அதுக்கு யாரும் கிவ்அவேன்னு எழுதுறதில்ல. அன்னிலேர்ந்து அந்த மனுஷனை நான் திட்டினதில்ல.

அந்த நோட்டோட கடைசிப் பக்கங்களை இன்னொரு வேலைக்கு வச்சிருக்கேன், இதை நீங்களும் பண்ணுங்க. அக்டோபர்ல சீசன் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி, வாக்குவாதம் பண்ற எல்லாரும் தன் கணிப்பை நம்பரா, தேதி போட்டு எழுதணும். "நல்லா ஆடுவான்"னு எழுதக் கூடாது, எத்தனை கோல், எத்தனை பாயின்ட், டீம் எத்தனாவது. ஏப்ரல்ல திறந்து சத்தமா படிக்கணும். இல்லன்னா எல்லாருமே "நான் அப்பவே சொன்னேன்"ங்கறாங்க. எங்க வீட்டுல இந்தப் பழக்கம் 2018 அக்டோபர்ல ஆரம்பிச்சுது, முதல் வரில வேகாஸ் கார்ல்சனுக்கு நான் எழுதினது 38. பக்கத்துல அண்ணன் கையெழுத்துல, ரெண்டு தடவை அடிக்கோடு போட்டு, 25.